கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் கேரவன்: டிவியும் இன்டர்நெட்டும் ஓட்டுவது எப்படி?

#1 வண்டிவீடு

எல்லோருக்கும் வணக்கம். வெளிக் கரண்ட் இணைப்பே இல்லாத இடத்தில் கேரவனை நிறுத்தி, 5 நாள் நகராமல் இருக்கும் முகாமுக்கான கேள்வி. இப்போதைய அமைப்பு:

பேட்டரி: 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர், லித்தியம் அயர்ன் பாஸ்பேட்
சோலார்: கூரையில் படுக்கையாக 400 வாட்
இன்வெர்ட்டர்: 2000 வாட், பியூர் சைன் (வீட்டுக் கரண்ட் போன்ற சீரான அலை), எந்நேரமும் ஆனில்
இன்டர்நெட்: ஸ்டார்லிங்க் சேட்டிலைட் இன்டர்நெட்டின் ஸ்டாண்டர்ட் டிஷ் (மூன்றாம் தலைமுறை), அதுவும் எந்நேரமும் ஆனில்
டிவி: 32 இஞ்ச், வீட்டு மாடல், தினம் 4 மணி நேரம்
மற்றவை: 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்ப்
போன் சிக்னல்: ஒரு புள்ளி வரும், போகும்

மதியம் 12 மணிக்கு ஃபுல் சார்ஜோடு நிறுத்தினால் மறுநாள் காலை 8 மணிவாக்கில் பேட்டரி கட்-ஆஃப். இன்னொரு பேட்டரி சேர்ப்பதா, சோலாரைக் கூட்டுவதா? கூடவே, இன்டர்நெட்டை நம்பாமல் டிவி பார்க்க என்ன வழி என்றும் சொல்லுங்கள்.

#2 வாட்கணக்கு

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் கூட்டிப் பார்த்துவிடுவோம்.

அந்த டிஷ் சராசரியாக 75 முதல் 100 வாட் இழுக்கும். 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் வழியாகப் போவதால் 88 சதவீதத் திறனில் பேட்டரிப் பக்கம் அது 97 வாட். 2000 வாட் இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருப்பதற்கே 25 வாட் தின்னும். ஆக 122 வாட், 24 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2,900 வாட்-அவர். டிவிக்கு 205, ஃபிரிட்ஜுக்கு 550, விளக்கு பம்ப்புக்கு 150. மொத்தம் 3,800.

வரவு? படுக்கையாக வைத்த 400 வாட் பேனலுக்கு 4.5 மணி நேர முழு வெயில், கழிவு போக 0.7 பங்கு என்று போட்டால் 1,260 வாட்-அவர். தினசரிப் பற்றாக்குறை 2,540. உங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 2,560. அதாவது ஒரு நாள் கடனும் கையிருப்பும் ஒரே அளவு. மதியம் தொடங்கினால் மறுநாள் காலை 8 மணிக்கு அணைவது கணக்குப்படி சரியாகத்தான் நடக்கிறது, பேட்டரி மேல் குற்றம் இல்லை.

இன்னொரு 200 ஆம்பியர்-அவர் சேர்த்தால் இன்னும் ஒரு நாள் தள்ளும், அவ்வளவே. சோலாரால் ஈடுகட்ட மேலும் 800 வாட் வேண்டும். கூரையில் இடம் இருக்காது. செலவுப் பக்கம்தான் கத்தி வைக்க வேண்டும்.

#3 கேபிள்மணி

வாட்கணக்கு சொன்னது சரி. தம்பி, செலவில்லாத வேலை ரெண்டு இருக்கு, அதை முதல்ல பண்ணுங்க.

ஒண்ணு, ஸ்டார்லிங்க் ஆப்ல தூங்கும் நேரம் வைக்கிற வசதி இருக்கு. ராத்திரி 11லிருந்து காலைல 7 வரைக்கும் போட்டு வைங்க. 8 மணி நேரம் மிச்சம். பனி உருக்குற மோடு தேவையில்லாம ஆன்ல இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லைன்னா குளிர் காலத்துல டிஷ் ஹீட்டர் மாதிரி கரண்ட் குடிக்கும்.

ரெண்டு, அந்த 2000 வாட் இன்வெர்ட்டரை மிக்ஸி, கெட்டிலுக்கு மட்டும் வெச்சுக்கங்க. டிஷ்ஷுக்கு 300 வாட் பியூர் சைன் இன்வெர்ட்டர் தனியா. சும்மா இருக்கும்போது 5, 6 வாட்தான் எடுக்கும். 20 வாட் மிச்சம்னா ஒரு நாளைக்கு 480 வாட்-அவர். உங்க ஃபிரிட்ஜ் கிட்டத்தட்ட ஓசியில ஓடுது.

செலவு பண்ணத் தயார்னா ஸ்டாண்டர்ட் டிஷ்ஷை வீட்ல விட்டுட்டு ஸ்டார்லிங்க்கோட சின்ன டிஷ்ஷான மினிக்கு மாறுங்க. சராசரி 25 முதல் 40 வாட்தான். 12 முதல் 48 வோல்ட் டிசியில நேரா ஓடும், இன்வெர்ட்டரே வேணாம்.

#4 வண்டிவீடு

நன்றி மணி அண்ணே. மினி பற்றி ஒரு சந்தேகம். 12 வோல்ட் சாக்கெட்டில் நேராகச் செருகினால் டிஷ் ஆன் ஆகி, ஒரு நிமிடத்தில் அணைந்து, மறுபடி ஆன் ஆகிறது என்று பல இடங்களில் படிக்கிறேன். டிஷ் கோளாறா?

#5 வாட்கணக்கு

கம்பிக் கோளாறு. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் நல்ல டிஷ்ஷைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.

15 மீட்டர் கேபிள், உள்ளே 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வையுங்கள். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக 30 மீட்டர். மின்தடை 0.7 ஓம். பேட்டரி 12.8 வோல்ட். டிஷ் 40 வாட் கேட்டால் அதன் வாயில் நிற்பது 10 வோல்ட். குறைந்தபட்சம் 12 தேவை. தொடங்கும்போது 60 வாட் வரை கேட்கும். அந்தக் கம்பி வழியாக 12.8 வோல்ட்டில் அதிகபட்சமாகவே 58 வாட்தான் போக முடியும், அதுவும் பாதி வோல்ட்டேஜ் கம்பியிலேயே போன பிறகு. வோல்ட் குறையக் குறைய டிஷ் அதிக ஆம்பியர் இழுக்கும், இழுக்க இழுக்க வோல்ட் இன்னும் குறையும். கடைசியில் அணையும், சுமை போனதும் வோல்ட் ஏறும், மறுபடி ஆன் ஆகும். நீங்கள் படித்த சுழற்சி இதுதான்.

2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டாலும் 60 வாட்டில் 11.7 வோல்ட்தான் மிஞ்சும். தடித்த கம்பி இதற்கு விடை இல்லை.

விடை வோல்ட்டேஜை உயர்த்துவது. பேட்டரி அருகிலேயே 12-ஐ 30 வோல்ட் ஆக்கும் ஸ்டெப்-அப் கன்வெர்ட்டர், குறைந்தது 100 வாட் திறன். அதே மெல்லிய 15 மீட்டர் கேபிளில் 60 வாட் போனாலும் டிஷ்ஷுக்கு 28.5 வோல்ட் கிடைக்கும். கன்வெர்ட்டருக்கு முன்னால், பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ். பேட்டரிக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, முடிந்தவரை குட்டையாக. சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நம்பாதீர்கள். அதன் ஸ்பிரிங் தொடுப்பிலேயே அரை வோல்ட் போய்விடும், சூடும் ஆகும்.

டைப்-சி பவர் டெலிவரி வழியாகக் கொடுப்பதென்றால் 20 வோல்ட், 5 ஆம்பியர் தரும் 100 வாட் சார்ஜர் தேவை. 65 வாட் லேப்டாப் சார்ஜரில் முயன்றுவிட்டு இங்கே வந்து புலம்ப வேண்டாம்.

#6 முகில்பாதை

எல்லோரும் நேராக சேட்டிலைட்டுக்கே தாவுகிறீர்கள். அவர் போனில் ஒரு புள்ளி வருகிறது என்கிறாரே? ஒரு நல்ல பூஸ்டர் வைத்தால் 4ஜி ரூட்டர் 8 வாட்டில் வேலையை முடித்துவிடும். 30 வாட் எதற்கு?

#7 அலைவரிசை

பாதி சரி. 4ஜி ரூட்டர் என்பது சரி, பூஸ்டர் என்பது தவறு.

முதலில் புள்ளிகளை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குப் புள்ளி காட்டும். ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம்: மைனஸ் 90 நல்லது, மைனஸ் 105 சுமார், மைனஸ் 115க்குக் கீழே விளிம்பு. எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பது: 10க்கு மேல் இருந்தால் வீடியோ நிம்மதியாக ஓடும், 0க்குக் கீழே போனால் எத்தனை புள்ளி காட்டினாலும் பயனில்லை.

பூஸ்டர் சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஆர்எஸ்ஆர்பி எகிறும், எஸ்ஐஎன்ஆர் அசையாது. பெரும்பாலான பூஸ்டர்களுக்கு வெளியே ஒரே ஆன்டெனாதான். ரூட்டரோ இரண்டு அல்லது நான்கு ஆன்டெனாவில் தனித்தனி ஓடைகளாகத் தரவை வாங்கப் பழகியது. எல்லாம் ஒரே குழாய் வழியாக வந்தால் வேகம் பாதியாகும். போதாக்குறைக்கு, கேரவனில் உள் ஆன்டெனாவுக்கும் வெளி ஆன்டெனாவுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய ஃபைபர் கூரை. உள்ளே விட்ட சிக்னலை வெளி ஆன்டெனா திரும்பப் பிடித்து மைக் ஊளையிடுவது போல் சுற்றத் தொடங்கும். பூஸ்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பெருக்கத்தைக் குறைத்துவிடும். விளக்கு எரியும், பலன் இருக்காது. பல நாடுகளில் ஆபரேட்டர் அனுமதி இல்லாத பூஸ்டர் சட்டவிரோதம் என்பது தனிக் கதை.

பூஸ்டர் உதவும் இடம் ஒன்று உண்டு. போனில் குரல் அழைப்பு மட்டும் வேண்டும், போன் டவருக்குக் கத்துவதுதான் எட்டவில்லை என்றால் அது கை கொடுக்கும். வீடியோவுக்கு வேண்டாம்.

#8 முகில்பாதை

> வீடியோவுக்கு வேண்டாம்

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வெளியே என்ன ஆன்டெனா, எந்தக் கேபிள்? 9 டெசிபல் பேனல் ஆன்டெனா ஒன்று, 10 மீட்டர் கேபிளோடு வருகிறது. போதுமா?

#9 அலைவரிசை

அந்த 10 மீட்டர்தான் பொறி. கூடவே வரும் மெல்லிய கேபிள் ஆர்ஜி-58 ரகமாக இருந்தால் 1900 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு முக்கால் டெசிபல் வரை விழுங்கும். 10 மீட்டரில் 7 போயிற்று. 9 டெசிபல் ஆன்டெனாவில் கையில் நிற்பது 2. அதே நீளம் எல்எம்ஆர்-240 என்றால் 3.7 போகும், எல்எம்ஆர்-400 என்றால் 2 போகும். ஆனால் எல்எம்ஆர்-400 விரல் தடிமன், ஜன்னல் இடுக்கில் வளையாது.

நல்ல வழி ரூட்டரையே கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவது. ஆன்டெனாவும் மோடமும் ஒரே வெளிப்புறப் பெட்டிக்குள் இருக்கும் வகை கிடைக்கிறது. மேலிருந்து இறங்குவது ஒரு ஈதர்நெட் கேபிள் மட்டும், கரண்டும் அதிலேயே ஏறும். 20 மீட்டர் ஓடினாலும் சிக்னலில் ஒரு டெசிபல் குறையாது. ஒரே எச்சரிக்கை: அந்தக் கேபிளில் கரண்ட் ஏற்றும் இன்ஜெக்டரில் 24 வோல்ட் பாசிவ் வகையும் 48 வோல்ட் 802.3ஏஎஃப் வகையும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். 48 வோல்ட்டைக் கண்மூடித்தனமாக ஏற்றும் இன்ஜெக்டரை 24 வோல்ட் பெட்டியில் செருகினால் பெட்டி கருகும்.

தனி ஆன்டெனாதான் என்றால் இரண்டு வேண்டும், ஒன்று இடப்பக்கம் 45 டிகிரி, மற்றது வலப்பக்கம் 45 டிகிரி சாய்ந்து, பெருக்கல் குறி போல. இரண்டையும் நேராக நிறுத்தினால் இரண்டும் ஒரே சங்கதியைத்தான் கேட்கும்.

திருப்பும் முறை: 30 டிகிரி திருப்பி, 45 நொடி காத்திருந்து, எஸ்ஐஎன்ஆரைக் குறித்துக்கொள்ளுங்கள். மோடம் சராசரி எடுத்துக் காட்டுவதால் உடனே மாறாது. 12 இடம் குறித்தால் ஒரு சுற்று முடிந்தது. சிறந்த இரண்டுக்கும் நடுவே 10 டிகிரியாகத் திருப்பி இறுக்குங்கள். பக்கத்து டவர் பலமாக இருந்து நெரிசலில் திணறலாம். தொலைவு டவர் மெலிவாக இருந்து காலியாக இருக்கலாம். அதனால் கடைசியாக ஒருமுறை ஸ்பீடு டெஸ்ட், மாலை 8 மணிக்கு. காலை 6 மணி ஸ்பீடு டெஸ்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மரமும் மேடும் குறுக்கே இருந்தால் 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்தான் வந்து சேரும். ரூட்டரில் பேண்டைப் பூட்டும் வசதி இருந்தால் அதற்குப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் ரூட்டர் எட்டாத உயர் பேண்டுக்குத் தாவித் தாவி அறுந்துகொண்டே இருக்கும்.

#10 நாடோடி_பெட்டி

டேட்டா பற்றி யாரும் பேசவில்லையே. 1080பி படம் மணிக்கு சுமார் 3 ஜிபி, 4கே என்றால் 7. தினம் 4 மணி நேரம் 1080பி, 5 நாள்: 60 ஜிபி. ஹாட்ஸ்பாட் டேட்டாவுக்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கும் பிளான்கள் நிறைய, மூன்றாம் நாளே வேகம் தரை தட்டும்.

டிவி ஆப்பில் தரத்தைக் குறைத்து வைத்தாலும் அப்டேட் வந்தால் அது பழையபடி ஏறிவிடும். அதனால் ரூட்டரிலேயே டிவிக்கு மட்டும் 3 எம்பிபிஎஸ் என்று கட்டிவிடுங்கள். மணிக்கு 1.35 ஜிபியைத் தாண்டவே முடியாது. 32 இஞ்சில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிகிறது என்பவர்கள் அரை மீட்டரில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். டிவி, போன், லேப்டாப் மூன்றிலும் தானியங்கி அப்டேட்டை வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்டர்நெட்டே இல்லாமல் பார்க்க: ஒரு எஸ்எஸ்டி, டிவியின் யுஎஸ்பி ஓட்டையில். சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம், டிவியின் யுஎஸ்பி தரும் அரை ஆம்பியரில் அது சுழலத் தொடங்கவே திணறும், வண்டிக் குலுக்கலும் அதற்கு ஆகாது. ஃபேட்32 ஃபார்மேட் வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ், டிவி எதைப் படிக்கிறதோ அது. ஃபைல் எச்.264, ஒலி ஏஏசி என்று இருந்தால் பத்து வருடப் பழைய டிவிகூடப் பெரும்பாலும் முரண்டு பிடிக்காது.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. போனில் டவுன்லோடு செய்த ஓடிடி படத்தை டிவிக்கு காஸ்ட் செய்யலாம் என்று நினைப்பார்கள். காஸ்ட் பட்டனை அழுத்தினால் போன் படத்தை அனுப்பாது. "இதை நீயே இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொள்" என்று டிவியிடம் சொல்லும், அவ்வளவுதான். இன்டர்நெட் இல்லையென்றால் காஸ்ட் இல்லை. டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும்; அதிலும் எல்லா போனின் டைப்-சியும் வீடியோ வெளியே தராது. கிளம்புவதற்கு முன் வீட்டு டிவியில், வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு முறை செருகிப் பாருங்கள்.

#11 கேபிள்மணி

டிவின்னா ஆன்டெனாதானே முதல்ல, அதை ஏன் விட்டுட்டீங்க? தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு இருக்கிற ஊர்ல அதுக்கு டேட்டாவும் வேணாம், சந்தாவும் வேணாம், ஆம்ப்ளிஃபயரோட சேத்து 1 வாட்கூட ஆகாது.

எட்டுமா எட்டாதான்னு ஒரு மனக்கணக்கு: டவர் உயரத்தோட வர்க்கமூலம், உங்க ஆன்டெனா உயரத்தோட வர்க்கமூலம், ரெண்டையும் கூட்டி 4.12ஆல பெருக்குங்க. மீட்டர்ல போட்டா கிலோமீட்டர்ல வரும். 300 மீட்டர் டவர், 4 மீட்டர் ஆன்டெனா: 80 கிலோமீட்டர் சுத்தி. நடுவுல மலை இல்லாத சமதரைக்கு இது. ஆன்டெனாவை 4லிருந்து 9 மீட்டருக்கு ஏத்துனா 4 கிலோமீட்டர்தான் கூடும். ஆனா பக்கத்து மரம், பக்கத்து வண்டி இதையெல்லாம் தாண்டிடும், லாபம் அங்கதான்.

மாஸ்ட் ஆம்ப்ளிஃபயர் ஆன்டெனா கிட்டயே இருக்கணும், டிவி கிட்ட வெச்சா கேபிள் தின்ன மிச்சத்தைத்தான் பெருக்கும். அதுக்குக் கரண்ட் கேபிள் வழியாவே ஏறும். நடுவுல சாதா ஸ்ப்ளிட்டர் போட்டா கரண்ட் அங்கேயே நின்னுடும், ஆம்ப்ளிஃபயர் செத்த மாதிரி ஆகி, அது இல்லாததை விட மோசமா சிக்னல் அடைக்கும். டவர் பக்கத்துல இருக்கிற இடத்துல ஆம்ப்ளிஃபயரைக் கழட்டிடுங்க, சிக்னல் ஜாஸ்தியாகித் திணறிடும். இடம் மாறினா ஒவ்வொரு தடவையும் சேனல் ஸ்கேன். சில ரிலே டவர் செங்குத்தா அனுப்பும், அங்க ஆன்டெனா கம்பிகளைப் படுக்கையா வெச்சா ஒண்ணும் வராது. 90 டிகிரி திருப்பிப் பாருங்க.

டிவி வாங்கும்போது ட்யூனர் பாருங்க. வட அமெரிக்காவுல ஏடிஎஸ்சி, ஐரோப்பாவுல பெரும்பாலும் டிவிபி-டி இல்லைன்னா டி2, ஜப்பான் பிரேசில்ல ஐஎஸ்டிபி-டி. ஒண்ணுக்கு வாங்குனது இன்னொண்ணுக்கு ஆகாது.

#12 வண்டிவீடு

வீட்டு டிடிஎச் டிஷ்ஷையும் பாக்ஸையும் முக்காலியில் எடுத்துப் போனால்? ஒவ்வொரு இடத்திலும் திசை வைப்பது அவ்வளவு கஷ்டமா?

#13 கேபிள்மணி

கஷ்டம் இல்ல, பொறுமை வேணும். அந்த சேட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர்ல ஒரே இடத்துல நிக்குது. உங்க தீர்க்கரேகைக்கு நேரா அது இருந்தா, 10 டிகிரி அட்சத்துல 78 டிகிரி உயரத்துல இருக்கும், 30ல 55, 45ல 38, 60ல 22. பக்கவாட்டுல விலக விலக இன்னும் தாழும். டிஷ் இருக்கிற இடம் சொன்னா திசை, உயரம், எல்என்பி (டிஷ் முன்னாடி கையில இருக்கிற, சிக்னலைப் பிடிக்கிற உறுப்பு) சுழற்சி மூணையும் போன் ஆப் சொல்லிடும்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷோட பார்வை மொத்தமே 3 டிகிரி அகலம். 1 டிகிரின்னா டிஷ் விளிம்பு நகர்றது 5 மில்லிமீட்டர், ஒரு பென்சிலை விடக் குறைவு. அதனாலதான் கையால தள்ளித் தள்ளிப் பாக்கறவங்களுக்கு மாட்டவே மாட்டேங்குது.

முதல்ல முக்காலியோட நடுக்கம்பி தூக்குக்குண்டு மாதிரி நேரா நிக்கணும். நீர்மட்டத்தை ரெண்டு பக்கம் வெச்சுப் பாருங்க. கம்பி சாஞ்சிருந்தா உயர அளவு பொய் சொல்லும், திருப்பத் திருப்ப உயரமும் மாறும். மண்ணு தள்ளாட்டம்னா மூணு கால் கீழயும் பலகை. நடுவுல 20 லிட்டர் தண்ணி கேனைத் தொங்க விடுங்க.

அப்புறம் உயரத்தை டிஷ் பின்னாடி இருக்கிற அளவுகோல்ல வெச்சு இறுக்கிடுங்க. வீட்டு டிஷ் ஆஃப்செட் ரகம் (எல்என்பி நடுவுல இல்லாம கீழ தள்ளி இருக்கும்), 38 டிகிரி மேல பாக்கும்போதும் பாக்கறதுக்கு நெட்டுக்குத்தலா நிக்கிற மாதிரிதான் இருக்கும். மூஞ்சியைப் பாத்துக் கண்ணால தூக்காதீங்க, அளவுகோலை நம்புங்க. எல்என்பியையும் சொன்ன டிகிரிக்குச் சுழட்டிடுங்க.

கடைசியா திசை. போன் காம்பஸை வண்டிகிட்ட, முக்காலிகிட்ட வெச்சுப் பாக்காதீங்க, இரும்பு இழுத்து 20 டிகிரிகூடத் தப்பாக் காட்டும். 5 மீட்டர் தள்ளி நின்னு அந்தத் திசையில ஒரு மரத்தையோ பாறையையோ குறி வெச்சுட்டு வந்து டிஷ்ஷை அதுக்கு நேரா நிறுத்துங்க. இப்ப 5 மில்லிமீட்டர் நகத்தி, மூணு நொடி நில்லுங்க. பாக்ஸ் சிக்னலைப் பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும். ஸ்ட்ரெங்த் வந்து குவாலிட்டி 0ன்னா பக்கத்து சேட்டிலைட் மாட்டியிருக்கு. குவாலிட்டிதான் கணக்கு. உச்சம் வந்ததும் போல்ட்டை மாத்தி மாத்திக் கால் சுத்து கால் சுத்தா இறுக்குங்க, ஒரே பக்கம் இறுக்குனா டிஷ் நகந்துடும்.

#14 வாட்கணக்கு

மணி அண்ணன் சொன்னதற்கு ஒரு ஒட்டு: உயரக் கோணம் தெரிந்தால் மரம் மறைக்குமா என்று நிறுத்தும் முன்பே தெரியும். 38 டிகிரியில், டிஷ்ஷை விட 10 மீட்டர் உயர்ந்த மரம் 13 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். 22 டிகிரியில் 25 மீட்டர்.

ஸ்டார்லிங்குக்கு இது வேறு. அது 550 கிலோமீட்டர் வாக்கில் ஓடிக்கொண்டே இருக்கும் சேட்டிலைட்களைப் பார்க்கிறது, ஒரு புள்ளியை அல்ல. 110 டிகிரி அகல வானம் கேட்கிறது. நேர் மேலே பார்த்தால் 35 டிகிரி வரை இறங்கும், ஆக டிஷ்ஷை விட 15 மீட்டர் உயர்ந்த மரம் 21 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். டிடிஎச் என்றால் கிளைகளுக்கு நடுவே ஓர் ஓட்டை போதும்.

ஆனால் டிவி பார்க்க மட்டும் என்றால் கொஞ்சம் மறைப்பைப் பெரிதுபடுத்தாதீர்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டு மூன்று நொடி அறுந்தாலும் படம் முன்கூட்டியே பஃபரில் இருப்பதால் தெரியாது. வீடியோ காலில்தான் கழுத்தறுக்கும். ஆப்பின் மறைப்புப் படம் நிரம்ப சில மணி நேரம் ஆகும், ஐந்து நிமிடத்தில் பச்சை காட்டுகிறதே என்று முளை அடிக்காதீர்கள்.

#15 வண்டிவீடு

நீங்கள் சொன்னபடி மாற்றிப் போட்ட கணக்கு. சரிபார்க்கவும்.

மினி 30 வாட், 16 மணி நேரம், கன்வெர்ட்டர் 90 சதவீதம்: 533
24 இஞ்ச் 12 வோல்ட் டிவி, 25 வாட், 4 மணி நேரம்: 100
ஃபிரிட்ஜ் 550, மற்றவை 150
மொத்தம் 1,333. சோலார் 1,260. தினம் 73 குறைவு, 5 நாளில் 365. பேட்டரியில் 2,560 இருக்கிறது.

#16 வாட்கணக்கு

சரி. மேகமூட்டத்தில் அந்த 1,260 வெறும் 300 ஆகிவிடும். அப்போது தினம் 1,030 பற்றாக்குறை, இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மேகம் என்றால் டிஷ்ஷை 16-லிருந்து 4 மணி நேரமாகக் குறையுங்கள், 400 மிச்சம்.

டிவியில் ஒரு எச்சரிக்கை. 12 வோல்ட் டிவி என்று எழுதியிருந்தாலும் உள்ளே தாங்குவது எவ்வளவு என்று அடாப்டர் லேபிளில் பாருங்கள். உங்கள் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரை போகும். வீட்டு அடாப்டரோடு வரும் பல டிவிகள் சரியாக 12 வோல்ட்டை எதிர்பார்ப்பவை. நடுவே 12 வோல்ட் நிலைநிறுத்தும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர், 5 ஆம்பியர். முள்ளின் பாசிட்டிவ் நடுவிலா வெளியிலா என்பதை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே செருகுங்கள்.

#17 முகில்பாதை

கேள்வி: பகலில் ஆன்டெனா டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, இருட்டினால் சரியாகிறது. வானிலையா?

#18 அலைவரிசை

சோலார் சார்ஜ் கன்ட்ரோலர். எம்பிபிடி வகை (பேனலிலிருந்து அதிகபட்ச கரண்டை எடுக்கும் வகை) உள்ளே வேகமாக ஸ்விட்ச் ஆகிறது, பேனல் கம்பி நீளமான ஆன்டெனாவாக மாறி அந்த இரைச்சலைப் பரப்புகிறது. விஎச்எஃப் (தாழ்ந்த அலைவரிசை) சேனல்கள்தான் அதிகம் பாதிக்கும். உறுதி செய்ய, டிவி ஓடும்போது பேனல் ஐசொலேட்டரை (பேனலைத் துண்டிக்கும் ஸ்விட்சை) அணைத்துப் பாருங்கள். படம் தெளிந்தால் அதுதான்.

பேனலின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் சேர்த்து ஃபெரைட் வளையத்தில் நான்கு சுற்று, கன்ட்ரோலர் பக்கம். ஆன்டெனா கேபிளை சோலார் கம்பியோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள், குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். மலிவு எல்இடி விளக்கும், #5ல் சொன்ன ஸ்டெப்-அப் கன்வெர்ட்டரும்கூட இதே வேலையைச் செய்யும். ஒவ்வொன்றாக அணைத்துக் கண்டுபிடியுங்கள்.

இதே குடும்பத்துப் பிரச்சினை இன்னொன்று: யுஎஸ்பி 3 எஸ்எஸ்டி ஓடும்போது வைஃபை படுத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது இரைச்சல் போடும். டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

#19 வண்டிவீடு

கடைசிக் கேள்வி. இத்தனை கேபிளும் உள்ளே வர ஜன்னல்தான் வழி. தட்டையான ஜன்னல் கேபிள் வாங்கலாமா?

#20 கேபிள்மணி

ஈதர்நெட்டுக்குத் தட்டைக் கேபிள் ஓகே. டிவி கோ-ஆக்ஸுக்கு வேணாம், ரெண்டு ஜாயின்ட் கூடும், மடிச்சு மூடுனா நாலு தடவைல உள்ள நசுங்கிடும். ஆர்ஜி-6 கேபிளை நேரா கொண்டு வாங்க, சுவர்ல தண்ணி புகாத கிளாண்ட் (கேபிளைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற மூடி) போட்டு.

கேபிள் உள்ள நுழையற ஓட்டைக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் தொங்கி, வளைஞ்சு, மேல ஏறி நுழையணும். மழைத்தண்ணி அந்த வளைவோட அடியில சொட்டிடும். நேரா சரிவா உள்ள விட்டா தண்ணி கேபிளைப் பிடிச்சுக்கிட்டே வந்து டிவி பின்னாடி இறங்கும். வெளி எஃப் கனெக்டருக்கு எலக்ட்ரிக் டேப் சுத்தாதீங்க, வெயில்ல பசை உருகி அவுந்துடும். தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை பாதி பாதி மேல ஏறுற மாதிரி, கீழ இருந்து மேல சுத்துங்க. இடி மேகம் தெரிஞ்சா கம்பத்தை இறக்கி, எல்லா கேபிளையும் வண்டிக்கு வெளியவே கழட்டிடுங்க.